கை தூக்கிய படம்

பிப்ரவரி 6, வெள்ளி

பொருள் விவரம் இன்றும் திரும்பி வந்துவிட்டது. நாலாவது தடவை. இருபத்திரண்டு வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் மாதிரி தைத்தவள் நான். நான் தைத்துக் கொடுக்கும் ஒரு சட்டையைப் பார்த்துத்தான் மற்ற நானூறு பேரும் தைப்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு சட்டையைப் பற்றி நாலு வரி எழுதத் தெரியவில்லையாம். "முன்னால் பார்த்தால் எல்லாச் சட்டையும் போலத்தான், பின்னால் இரண்டு கதவு" என்று எழுதியிருந்தேன். கதவு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இணைய விற்பனைத் தளம் என் சட்டையை மரச்சாமான் பகுதியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் தொங்குகிறது.

கதவு என்று நான் சொன்னது முதுகை. முதுகு நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தோளில் டிச் பட்டனால் மூடிக்கொள்ளும். படுத்திருப்பவரைத் தூக்க வேண்டாம், கையை முறுக்க வேண்டாம். முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, பின்னால் இழுத்துவிட்டு, டிக், டிக். காலர் உண்டு, பை உண்டு, முன்னால் பட்டன் வரிசையும் உண்டு, அது வெறும் அழகுக்கு. என் வீட்டுக்காரருக்காகத் தைத்தது. ஆஸ்பத்திரி அங்கியை இவருக்கு மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தபோது, வியர்த்தால் மாற்றிக்கொள்ள இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைத் தனியாகக் கொண்டுபோகிற மனுஷர்.

இணையத்தில் விற்கச் சொன்னது மகள். வெளியூரில் இருக்கிறாள், அவளுக்கு அவள் வேலை, அவள் குடும்பம். போனில் பேசும்போது சுற்றி வளைக்க மாட்டாள். "ஆறு மாசம் பாரும்மா. ஓடுச்சுன்னா நீ வீட்ல இருந்தே அப்பாவைப் பார்த்துக்கலாம். ஓடலேன்னா நீ ஆலைக்குத் திரும்பு, அப்பாவைப் பராமரிப்பு இல்லத்துல விட்டுரலாம்."

விட்டுரலாம். குடையையா, செருப்பையா?

பிப்ரவரி 9

இவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை. வேணாம்.

மூளையில் ரத்தம் கசிந்து வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது. விசில் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். அத்தனை வார்த்தையும் போய், இது ஒன்று மட்டும் ஏன் நின்றது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தண்ணி வேணுமா என்றால் "வேணாம்" என்று வாயைத் திறக்கிறார். ஜன்னலைத் திறக்கட்டுமா, "வேணாம்". திறந்தால் முகம் மலர்கிறது. தொலைக்காட்சியில் கோல் விழுந்தால் "வேணாம்! வேணாம்!" என்று ஒரே கொண்டாட்டம். வீட்டில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. வேணாம் என்றால் வேணும். மகள் வந்தபோது கேலி செய்தாள், "இவ்வளவு நாளா நீ சொன்னதுக்கெல்லாம் வேணும்னு தலையாட்டினாரு இல்ல, இப்ப வட்டியும் முதலுமா வாங்கிக்கோ" என்று. மூன்று பேரும் சிரித்தோம். இவர் சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும்.

பிப்ரவரி 20

ஏழாவது தடவை எழுதியதில் மரச்சாமான் பகுதியிலிருந்து ஒருவழியாக விடுதலை. இப்போது முதியோர் உடை. இவருக்கு வயது ஐம்பத்தேழு. போகட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்து பன்னிரண்டு நாள். ஈ, காக்கை இல்லை.

இணைய வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். அதில் ஒருவன், கோட்டு போட்டவன், எப்போதும் யாரோ துரத்துவது மாதிரி பேசுகிறான். "தொங்கவிட்ட சட்டை தொங்கிக்கிட்டேதான் இருக்கும். ஆள் போட்டிருந்தாத்தான் விற்கும்!" என்கிறான். என் கடையில் எல்லாம் ஹேங்கரில் தொங்குகிறது. சுவரில் ஆணி அடித்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பின்னால் கட்டி, நானாக எடுத்த படம். பார்த்தால் துவைத்துக் காயப்போட்டது போலத்தான் இருக்கிறது. முதுகுக் கதவு ஒன்றுமே தெரியவில்லை.

ஆளுக்கு எங்கே போவேன்?

மார்ச் 12, வியாழன்

எடுத்துவிட்டேன்.

காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக நன்றாக விழுந்தது. இவருக்கு நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டி, இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். "ஏங்க, கடைக்கு ஒரு படம் எடுத்துக்கறேன். மூஞ்சி வராது, கழுத்துக்குக் கீழதான்" என்றேன். "வேணாம்" என்றார். "நீங்க வேறென்ன சொல்லப் போறீங்க" என்று சிரித்துக்கொண்டே போனைத் தூக்கினேன். "வேணாம். வேணாம். வேணாம்." ஏழெட்டு எடுத்தேன். அதில் ஒன்று சொல்லிவைத்த மாதிரி அமைந்துவிட்டது. இடது கையை முன்னால் தூக்கியிருக்கிறார். கைக்குழி எவ்வளவு தாராளம், தோள் எப்படி இழுபடாமல் நிற்கிறது, பின் மடிப்பு எங்கே வந்து மூடுகிறது, எல்லாம் ஒரே படத்தில். ஆலையில் பட்டியலுக்குப் படம் எடுக்கும்போது மாடல் பிள்ளைகளை மணிக்கணக்கில் நிற்க வைத்தாலும் இப்படி அமையாது. கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டுக் கடையில் ஏற்றினேன்.

இவர் மத்தியானம் தூங்கிவிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பி.

மார்ச் 15

வந்துவிட்டது! முதல் ஆர்டர். ஒரு பெண், தன் மாமனாருக்காம். இரண்டு.

மார்ச் 24

இந்த வாரம் பதினொன்று. ஊசி முறிந்தது இரண்டு. கைகால் ஓடவில்லை, சந்தோஷத்தில்.

ஏப்ரல் 8, புதன்

தைப்பது வியாபாரத்தில் கால்வாசிதான். மற்றதெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். முகவரிச் சீட்டை மடிப்பின் மேல் ஒட்டக் கூடாது, கூரியர்காரர் திட்டுகிறார். "கோடு போட்ட பட்டை வளைஞ்சா மெஷின் படிக்காதும்மா, பொட்டலம் ஊர் சுத்திட்டு உங்ககிட்டயே வரும்." ஒன்று அப்படித்தான் பத்து நாள் உல்லாசப் பயணம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அளவு பெரிய தலைவலி. படுத்திருப்பவரின் மார்பளவு எடுத்து அனுப்புகிறார்கள். படுத்தால் உடம்பு பரவும், நாடாவை முதுகுக்கு அடியில் இழுக்கவும் முடியாது. ஒருவர் அனுப்பிய அளவுக்குத் தைத்ததில் அவருடைய அப்பாவோடு பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து நுழையலாம். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். நாள் முழுக்க அந்த ஒற்றை நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். ஆளை அளக்காதீர்கள், நன்றாக இருந்த காலத்தில் அவர் போட்ட சட்டையை அளந்து அனுப்புங்கள். அதன் பிறகு தப்பவில்லை.

ஒரு பெண் எழுதியிருந்தாள், "படத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். பாருங்கள், எவ்வளவு சுலபமாகக் கையைத் தூக்குகிறார்!" நன்றி என்று எழுதி ஒரு பூவும் போட்டேன். எல்லாரும் அந்தக் கையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

மே 2

மகள் போன். "அம்மா, நீ பெரிய ஆளாயிட்ட. இல்லம் பத்தி இனிமே வாயைத் திறக்க மாட்டேன்."

இதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் மறுத்தால் காட்டலாம். இவரிடம் சொன்னேன், "உங்களை எங்கயும் அனுப்பப் போறதில்லையாம்." "வேணாம்" என்றார். கண் கலங்கியது. இது வேணும்தான். இதில் சந்தேகமில்லை.

மே 13, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வர ஆரம்பித்திருக்கிறாள், வாரம் ஒரு தடவை. சின்ன வயசு, ஆனால் அதட்டல் அதிகம். இவரிடம் இல்லை, என்னிடம். "வேணாம்னா வேணும்னு அர்த்தம்" என்று நம் வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"யாரு சொன்னாங்க? வார்த்தைதான் அவருக்கு ஒண்ணு. மனசுல இருக்கறது ஒண்ணில்லையே. வேணாம்னு நிஜமாவே நினைச்சாலும் அவரு அதைத்தானே சொல்லியாகணும்? வாயைப் பார்க்காதீங்க. முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க."

சரி என்றேன். எனக்குத் தெரியாத முகமா?

மே 20

இன்று இரண்டு தட்டு வைத்துப் பயிற்சி. ஒன்றில் இவருக்குப் பிடித்த பழம், மற்றதில் அறவே பிடிக்காத அந்தக் கசப்பு மருந்து. பழத்தைக் காட்டியபோது "வேணாம்", உதடு லேசாகப் பிரிந்திருந்தது, புருவம் மேலே. மருந்தைக் காட்டியபோதும் "வேணாம்". தாடை இறுகி, இடது கை முன்னால் வந்து தட்டைத் தள்ளியது. உள்ளங்கை வெளியே தெரிய, விரல்கள் விரிந்து.

"பார்த்தீங்களா? இதுதான் அவரோட நிஜ வேணாம்" என்றாள் அந்தப் பெண்.

பார்த்தேன். நாளைக்கு ஒன்பது பொட்டலம் போகணும், நூல் வேறு தீர்ந்துவிட்டது. நிறுத்துகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

கணக்கு வாத்தியார் வந்திருந்தார். இவரோடு இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், மாதம் ஒரு தடவை தவறாமல் வருவார். இவருக்குக் காது போகவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கத்தித்தான் பேசுவார்.

"சார்! உங்களை நான் எங்க பார்த்தேன் சொல்லுங்க!" என்று போனை இவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "மூஞ்சி இல்லேன்னா எனக்குத் தெரியாதா? கோல் கம்பத்துல ஏறி வலை கட்டும்போது கையைக் கிழிச்சுக்கிட்ட தழும்பு, நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்! நம்ம ஸ்டாஃப் குரூப்ல போட்டேன் சார். எல்லாரும், அட, நம்ம சார் மாடல் ஆயிட்டாரேன்னு ஒரே சிரிப்பு."

எட்டிப் பார்த்தேன். என் படம்தான். என் கடை இல்லை. யாரோ திருடித் தன் கடையில் போட்டிருக்கிறான். தலைப்பை ஏதோ மெஷின் தமிழாக்கியிருக்க வேண்டும். "முடக்கப்பட்ட முதியவர் சட்டை." அதற்குக் கீழே பெரிய எழுத்தில், "படுக்கையிலேயே மலம் சிறுநீர் கழிப்பவர்களுக்கு ஏற்றது. சுலபமாக அவிழ்க்கலாம்." நடுவில் இவர் கை.

கணக்கு வாத்தியார் நல்ல மனுஷர். கேலி செய்ய வரவில்லை, சந்தோஷப்படுத்தத்தான் வந்தார். அவர் அதைப் படித்திருக்கக்கூட மாட்டார். இவர் படித்தார். படிப்பு போகவில்லை இவருக்கு. வரிவரியாகப் படித்துவிட்டு, போனிலிருந்து கண்ணை எடுத்து, என்னைப் பார்த்தார்.

ஜூன் 15

சாப்பிடவில்லை. வேணாம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

இன்றும் இல்லை. தண்ணீர் மட்டும். ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை இருந்தது, அதையும் நிறுத்திக்கொண்டார்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதணும்.

அந்தக் கை சட்டையைக் காட்டத் தூக்கிய கை இல்லை. போனைத் தள்ளத் தூக்கிய கை. உள்ளங்கை வெளியே தெரிய, விரல்கள் விரிந்து. எவ்வளவு சுலபமாகக் கையைத் தூக்குகிறார் என்று ஊர் முழுக்க எழுதினார்களே, என்னை நிறுத்து நிறுத்து என்று தூக்கிய கை அது. நான் ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொன்னேன். பூப் போட்டேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா போகமாட்டேன் என்கிறது. தெரியும். முப்பது வருஷமா இந்த மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? தண்ணிக்குச் சொல்ற வேணாமும் அன்னைக்குச் சொன்ன வேணாமும் ஒண்ணா? நாலு தடவை சொன்னாரு. நான் சிரிச்சேன். அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லைன்னு இருந்தது எனக்கு வசதியா இருந்தது. அதான் விஷயம். அடையாளம் தெரியக்கூடாதுன்னு அவர் முகத்தை வெட்டினதா நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த முகத்தை நான் பார்க்கக் கூடாதுன்னு வெட்டியிருக்கேன்.

உங்களைப் பார்த்துக்கத்தானேங்க இந்தக் கடையே. இதை எப்படி இவரிடம் போய்ச் சொல்வேன்?

ஜூன் 18

தேடிப் பார்த்தேன். ஒன்றில்லை, நாலு கடை. நாலிலும் இவர் கை. தளத்துக்குப் புகார் எழுதினேன். இது என் படம், என் கணவர், திருடியிருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள்.

இவர் இன்று இரண்டு கரண்டி சாப்பிட்டார். என் கையால் இல்லை. பேச்சுப் பயிற்சிப் பெண் ஊட்டினாள்.

ஜூன் 22, திங்கள்

பதில் வந்திருக்கிறது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். படம் என்னுடையதுதான் என்பதற்கு, படத்தில் இருப்பவரின் சம்மதக் கடிதத்தை ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்து, இயலாதவர் என்றால் கட்டைவிரல் ரேகை. கடிதம் வந்தால் மற்ற நாலு கடையிலிருந்தும் படம் நீக்கப்படும். என் கடையில் இருப்பது அப்படியே இருக்கும்.

இவருடைய மானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இவர் சம்மதித்தார் என்று எழுதித் தர வேண்டும்.

ஜூன் 24, புதன்

மகளிடம் சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும் இல்லை, கடிதத்தைப் பற்றி மட்டும். அவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. "அப்பா கைதானேம்மா. மையைத் தொட்டு வெச்சா முடிஞ்சுது, ஒரு நிமிஷ வேலை. அந்தத் திருட்டுப் பசங்க போட்டிருக்கறதை எடுக்கணுமா வேண்டாமா? அப்பாவுக்கு நல்லதுக்குத்தானே செய்யற? கடையும் நிக்கும்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் மை டப்பாவை வாங்கி வந்தேன்.

கடிதத்தை இவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 'இந்தப் படத்தை என் முழு விருப்பத்துடன் என் மனைவி எடுத்தார்.' அந்த வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தாமல் கடைசி வரை படித்தேன். பிறகு வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கைக்கு எதுவும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தூக்கினால் மட்டும் தூங்குகிற பிள்ளையைப் போல் அப்படிக் கனக்கும். கட்டைவிரலை மையில் அழுத்தினேன். இவர் தடுக்கவில்லை. இடது கை போர்வைக்குள்ளேயே இருந்தது. விரலைக் காகிதத்துக்கு மேலே கொண்டு வந்தேன்.

"வேணாம்."

மெதுவாக, கண்ணைத் திறக்காமலே. பத்து நாளைக்குப் பிறகு வந்த வார்த்தை. கெஞ்சுகிற மாதிரியும் இல்லை, கோபமும் இல்லை. நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்தே சொன்னது போல இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

கடிதத்தைக் கிழித்தேன். கட்டைவிரலில் மை போகவில்லை, எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். "எடுத்துடறேங்க. எல்லாத்தையும் எடுத்துடறேன். தப்பு பண்ணிட்டேன். நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது, அன்னைக்கே புரிஞ்சுது" என்று பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே துடைத்தேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் சாயங்காலம் என் கையால் சாப்பிட்டார்.

ஜூன் 25

தளத்துக்கு எழுதியது: "படத்தில் இருப்பவர் என் கணவர். அவர் சம்மதிக்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லியும் நான்தான் எடுத்தேன். எல்லாக் கடையிலிருந்தும் நீக்குங்கள், என் கடையில் இருப்பதையும்."

ஏழு தடவை பொருள் விவரம் எழுதத் தவித்தவள் இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

ஜூன் 29, திங்கள்

நீக்கிவிட்டார்கள். என்னுடையதை. சம்மதமில்லாத படத்தைப் பயன்படுத்தியதாக நானே ஒப்புக்கொண்டதால் கடையை முப்பது நாள் மூடிவிட்டார்கள். போட்டுவைத்த கருத்துகள், நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் படத்தோடு சேர்ந்தவையாம், அதனால் அவையும் போயின.

மற்ற நாலு கடை? "ஆய்வில் உள்ளது."

சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். ஒப்புக்கொண்டவள் வெளியே, திருடியவன் ஆய்வில். கூரியர்காரர் வழக்கம்போல மத்தியானம் வந்து நின்றார். ஒன்றுமில்லை என்றேன். "லீவாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 30

முப்பது நாள் முடிந்து திறந்தாயிற்று. மறுபடி ஹேங்கர். ஆணி, படுக்கை விரிப்பு, துவைத்த துணி.

ஆகஸ்ட் 6, வியாழன்

திறந்து ஒரு வாரத்தில் இரண்டு ஆர்டர். பழைய வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான். அதிலும் ஒருத்தி இனி வேண்டாம் என்று எழுதியிருந்தாள். மாமனார் போய்விட்டாராம். முதல் ஆர்டர் கொடுத்தவள்.

நானே போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் திரும்பி நின்று, முதுகுக் கதவைத் திறந்து காட்டி. ஏற்றிய மறுநாளே ஒரு ஆள் போன் செய்தான், சட்டையைப் பற்றி இல்லை. படத்தை எடுத்துவிட்டேன். உடம்பு அன்று முழுக்கக் கூசிக்கொண்டே இருந்தது. இவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான்.

திருட்டுக் கடைகளில் இரண்டில் எடுத்துவிட்டார்கள். இரண்டில் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். முடக்கப்பட்ட முதியவர், நாலரை நட்சத்திரம்.

ஆகஸ்ட் 15, சனி

மகள் நேரில் வந்துவிட்டாள். நான் மே மாதம் எழுதி வைத்ததைக் காட்டவில்லை. எதைக் காட்ட? ஆறு மாதம் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் போய் இல்லத்தைப் பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது. ஒரு வரிசையில் ஒன்பது கட்டில், எதிரில் ஒன்பது. ஜன்னல் ஓரக் கட்டில் காலியாக இருக்கிறது என்றார்கள். ஏன் காலியாக இருக்கிறது என்று மகள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆலைக்குப் போன் செய்தேன். மாதிரிப் பிரிவில் வேறு ஆள் வந்துவிட்டதாம். பட்டன் துளை தைக்கும் காஜாப் பிரிவில் உட்காருங்கள் என்றார் மேற்பார்வையாளர். அந்த மேற்பார்வையாளர் நான் பழக்கிவிட்ட பெண்.

ஆகஸ்ட் 17, திங்கள்

இவரிடம் சொன்னேன். சம்மதமா என்று கேட்கவில்லை. சொன்னேன். கேட்டால் பதில் சொல்லியிருப்பார், அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அதை மீறி என்னால் நடக்க முடியாது. இனிமேல் கேட்டால் கேட்டபடி நடப்பேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். அதனால்தான் கேட்கவில்லை. என்னமாய்க் கணக்குப் போடுகிறேன்!

காரணத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 31

ஆறு சட்டை தைத்துப் பெட்டியில் வைத்தாயிற்று. காலருக்கு உள்பக்கம் அடையாளத்துக்குப் பெயர் தைக்கச் சொன்னார்கள். துவைப்பதில் மாறிவிடுமாம். பெயரோடு 'சார்' என்றும் சேர்த்துத் தைத்தேன். யாராவது அதைப் படிக்கட்டும்.

செப்டம்பர் 19, சனி

இல்லம் ஆலைக்குப் போகிற வழியில்தான். காலை ஆறே முக்காலுக்கு உள்ளே விடுகிறார்கள். முகம் துடைத்து, சட்டை மாற்றி, ஊட்டிவிட்டு ஏழு பத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

இன்று இவருடைய அறையைப் பார்க்கும் பெண் என்னைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்டுக்காரரு எதுக்கெடுத்தாலும் வேணாம், வேணாம்ங்கறாரு அக்கா. சும்மாதானே சொல்றாரு? நாங்க அதைக் கண்டுக்கறதே இல்ல." அவளை உட்கார வைத்துச் சொன்னேன். தாடையைப் பாரு. உதடு பிரிஞ்சிருந்தா சரின்னு அர்த்தம். இடது கை முன்னால வந்துச்சுன்னா நிறுத்திடு, என்ன செஞ்சுட்டு இருந்தாலும் நிறுத்திடு. நல்ல பெண். தலையாட்டிக் கேட்டாள். அவளுக்கு ஒரு ஆளாகப் பதினெட்டுக் கட்டில். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர் வரிசையிலிருந்து யாரோ கூப்பிட, "சரிக்கா, சரிக்கா" என்று எழுந்து ஓடினாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். "வேணாம்" என்றார் இவர். திரும்பிப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. இடது கை என் பையின் வாரைப் பிடித்திருந்தது. எந்த வேணாம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெரிந்துகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். ஏழரைக்கு ஆலைக் கதவை மூடிவிடுவார்கள்.